'எனக்கு மருந்து ஏறாது' என்பது வீரமா?

தண்ணீர்மலை வட்டாரத்துத் திருமண விருந்தோ, ஜார்ஜ்டவுன் காப்பிக் கடையோ, குடிப்பழக்கம் உள்ள ஒருவர் "தூக்க மாத்திரையெல்லாம் என்னை ஒன்றும் செய்யாது" என்று சொல்லக் கேட்டிருப்போம். கேட்பவர்களும் அதை உடல் வலிமை என்றே எண்ணிக்கொள்கிறார்கள். மருந்தியல் இதை வேறு விதமாக விளக்குகிறது.

நம் மூளையில் காபா என்ற வேதிப்பொருள் நரம்புகளின் வேகத்தைக் குறைத்து அமைதிப்படுத்துகிறது. மதுவும் டயஸெபாம் போன்ற மாத்திரைகளும் காபாவின் இந்த வேலையையே கூட்டுகின்றன. நாள்தோறும் அதிகம் குடிப்பவரின் மூளை அதற்கு ஈடுகொடுத்துப் பழகிவிடுவதால், மாத்திரையின் மயக்கமும் அவருக்குக் குறைவாகவே தெரிகிறது. அறுவை சிகிச்சைக்கு முன் "குடிப்பீர்களா? எவ்வளவு?" என்று மருத்துவர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் குறைவது மயக்க உணர்வுதான். ஆபத்து அதே அளவுக்குக் குறைவதில்லை. சுவாசத்தை இயக்கும் மூளைப்பகுதி அவ்வளவு எளிதில் பழகிக்கொள்வதில்லை. 'ஒன்றும் தெரியவில்லையே' என்று குடித்த நிலையில் இன்னொரு மாத்திரையைப் போட்டால், மூச்சு நின்றுபோகலாம். நீண்ட காலக் குடியால் கல்லீரல் கெட்டுவிட்டால், டயஸெபாம் உடலில் கூடுதல் நேரம் தங்கும். முன்பு 'ஏறாத' அதே மாத்திரை அப்போது அளவுக்கு மீறி ஏறிவிடும்.

இந்தக் கலவை பழக்கமில்லாதவர்களையும் விடுவதில்லை. 1975இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், மதுவும் டயஸெபாமும் உட்கொண்டிருந்ததாகக் கூறப்பட்ட 21 வயது கேரன் ஆன் குயின்லன் மயங்கி விழுந்தார்; மூச்சும் தடைப்பட்டது. நினைவு திரும்பாமலேயே 1985இல் இறந்தார்.

மாணவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. சளிக்கு வாங்கும் குளோர்ஃபெனிரமின் மாத்திரையும் தூக்கம் தருவதே. மதுவோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். அதன் பிறகு மோட்டார் சைக்கிளைத் தொடவே கூடாது.

உறவினர் யாராவது 'எனக்கு ஏறாது' என்றால் சிரித்துக் கடந்துவிடாதீர்கள். எவ்வளவு குடிக்கிறார் என்பதை மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். நெடுநாள் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதையும் மருத்துவர் துணையோடுதான் செய்ய வேண்டும். மருந்து, நச்சு பற்றிய ஐயங்களுக்கு ஆலோசனை தரும் தேசிய நச்சு மையம் 1994 முதல் இங்கே பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. வெட்கப்படாமல் கேட்கலாம்.