‘ஒரு நிமிஷம்’ என்றால் எத்தனை நிமிஷம்?
ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அன்றாடம் உதவுவது எப்படி?



வகுப்பில் ஒரு மாணவனிடம், “உனக்கு எத்தனை வாட்டி சொல்றது?” என்று கோபமாகக் கேட்கிறோம். “மூணு வாட்டி, டீச்சர்” என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. அவன் வாயாடவில்லை, கேட்டதற்கு எண்ணிப் பதில் சொன்னான். ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் சொல்லை நேர்ப்பொருளில்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆட்டிசம் நோயல்ல, மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. வளர்ப்புக் குறையாலோ தடுப்பூசியாலோ அது வருவதில்லை. ஒருவர் சரளமாகப் பேசுவார். இன்னொருவர் பேசவே மாட்டார். வயது வந்த பிறகும் அது கூடவே இருக்கும். ஆகவே, நாம் பேசும் முறையையும் சுற்றுச்சூழலையும் மாற்றிக்கொள்வதே அவர்களுக்குப் பெரிய உதவி.

1. நேராகச் சொல்லுங்கள்
கிளம்பும்போது “போயிட்டு வரேன்” என்கிறோம். உடனே வந்துவிடுவார் என்று பிள்ளை வாசலிலேயே நிற்கலாம். “வேலைக்குப் போறேன், சாயங்காலம் 6 மணிக்கு வருவேன்” என்றால் குழப்பமில்லை. “ஒரு நிமிஷம் இரு” என்பதற்குப் பதில், “இந்த நோட்டைத் திருத்திட்டு வரேன்” எனலாம். “ஒழுங்கா இரு” என்பதைவிட “நாற்காலியில உட்காரு” தெளிவு. சொன்ன பிறகு, பதிலுக்குச் சற்றுக் காத்திருங்கள்.

2. முன்கூட்டியே காட்டுங்கள்
தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலைக்குப் போகிறீர்களா? பேருந்து, கூட்டம், கோயில், சாப்பாடு, வீடு என்று வரிசையாகப் படம் வரைந்து முதல் நாளே காட்டுங்கள். அடுத்து என்ன என்று தெரிந்தால் பயம் குறையும். பள்ளியில் கால அட்டவணை மாறும் நாளுக்கும் இதே வழிதான்.

3. சத்தத்தைக் குறையுங்கள்
தண்ணீர்ப் பந்தலின் ஒலிபெருக்கி நமக்கு உற்சாகம். சிலருக்கு அது வலி. காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளை அடம் பிடிக்கவில்லை. அதனால் தாங்க முடியவில்லை. அப்போது, “பிள்ளைய வளர்க்கத் தெரியல” என்று அந்தத் தாயின் காதில் விழும்படி பேசாதீர்கள். கூட்டம் கூடாமல் வழி விடுங்கள். “என்ன உதவி வேணும்?” என்று தாயிடம் கேளுங்கள். கேட்காமல் பிள்ளையைத் தொட வேண்டாம்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியவை
மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கக் கூடாது. 2019 முதல் பள்ளிகளில் ‘சீரோ ரிஜெக்ட்’ கொள்கையும் நடப்பில் உள்ளது. சமூக நலத் துறையில் பதிந்து ஓ.கே.யூ. அட்டை பெறலாம், ஆட்டிசம் அதில் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் அடங்கும். எஸ்.பி.எம். எழுதுபவருக்குக் கூடுதல் நேரம் தேவையென்றால், பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

தேர்வு மாணவர்களுக்கு
கட்டுரையில் ‘ஆட்டிச நோயாளி’ என்று எழுதாதீர்கள். ‘ஆட்டிசம் உள்ளவர்’ என்று எழுதுங்கள்.

நாளை வகுப்பில் “ஒரு நிமிஷம்” என்று வாயில் வந்தால், கொஞ்சம் நிறுத்தி, சரியாக எவ்வளவு நேரம் என்று சொல்லிப் பாருங்கள். ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளுக்கும் அது உதவும்.