காலிப் பாக்கெட் வளர்த்த பெயர்

கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். மருந்துச் சரக்குகள் தயாரித்து வந்தார். அவருக்கு ஓர் ஆசை. பணக்காரர்கள் வாங்கும் பொருளைக் கூலிக்காரரும், ரிக்‌ஷாக்காரரும் வாங்க வேண்டும்!

பெரிய டப்பா வாங்க ஏழையிடம் காசு ஏது? ஆகவே, முகப் பவுடரையும், பேதி உப்பையும் சிறு சிறு பாக்கெட்டுகளில் அடைத்து விற்றார்.

அவர் காலமான பிறகு, பிள்ளைகள் ஷாம்புவைப் பாக்கெட்டில் விற்றார்கள். அதன் பெயர் "வெல்வெட்". நன்றாக விற்றது.

பிள்ளைகளில் ஒருவர் ரங்கநாதன். அவரும் அந்தத் தொழிலில் இருந்தார். ஆனால் சகோதரர்களுடன் யோசனை ஒத்துப்போகவில்லை. 1983-ம் ஆண்டு தனியே வந்துவிட்டார். கையில் இருந்தது 15,000 ரூபாய்.

அப்பாவின் பெயர்

அவருக்குத் தெரிந்த தொழில் ஷாம்புதான். அதையே தயாரித்தார். அப்பாவின் பெயரைச் சுருக்கி, "சிக்" என்று பெயர் வைத்தார்.

பெயர் வைத்தாயிற்று. அது யாருக்குத் தெரியும்? போட்டிக்கு நிற்பதோ சொந்தச் சகோதரர்களின் சரக்கு! "ஒரு ஷாம்பு பாக்கெட் கொடுங்கள்" என்று கேட்டால், கடைக்காரர் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பார்.

சிக் ஆட்கள் கிராமங்களுக்குப் போனார்கள். ஒரு பையனை உட்கார வைத்து, எல்லோர் முன்னிலையிலும் தலைக்கு ஷாம்பு தேய்த்துக் கழுவினார்கள். "முடியைத் தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள்" என்றார்கள். சீயக்காய்த் தூள் கண்ணில் விழுந்து அழுத பிள்ளைகளுக்கு அது அதிசயம்தானே! ரஜினிகாந்த் படமும் போட்டுக் காட்டினார்கள். பாக்கெட்டுகளை இலவசமாகவும் கொடுத்தார்கள்.

ஐந்துக்கு ஒன்று

அடுத்து வந்தது ஒரு திட்டம். எந்த ஷாம்புவாக இருந்தாலும் சரி, 5 காலிப் பாக்கெட் கொண்டு வந்தால் ஒரு சிக் பாக்கெட் இனாம்! சும்மா கிடைத்தால் யார் விடுவார்கள்? மற்ற ஷாம்புவைப் போட்டவர்களும் சிக்கைப் போட்டுப் பார்த்தார்கள்.

கொஞ்ச காலம் போயிற்று. திட்டம் மாறியது. இனி மற்ற ஷாம்புவின் பாக்கெட் செல்லாது. சிக் காலிப் பாக்கெட்டுக்குத்தான் இனாம்!

இதில்தான் சூட்சுமம் இருந்தது. இனாம் வேண்டுமானால், கடையில் "சிக் கொடுங்கள்" என்று வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்டார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்கு ஏறியது என்று ரங்கநாதன் பின்னாளில் கூறினார்.

பிறகு மல்லிகை மணத்திலும், ரோஜா மணத்திலும் சிக் வந்தது. தலையில் பூச்சூடும் பெண்களுக்கு வேறென்ன வேண்டும்? சினிமா நட்சத்திரம் அமலாவும் விளம்பரத்தில் தோன்றினார்.

1998-ல் கம்பெனிக்குப் புதுப் பெயர் சூட்டினார்கள். "கவின்கேர்" என்பது அந்தப் பெயர். கவின் என்றால் அழகு. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது "கவின்" சி எழுத்தில் தொடங்கும். "கேர்" கே எழுத்தில் தொடங்கும். சி.கே. என்பது சின்னி கிருஷ்ணன்!