ரோமில் செல்லாத திருமணமும் பிள்ளைகளின் நிலையும்

ஒன்பதாம் வகுப்பில் ரோமானியர் பற்றிய பாடம் நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், அங்கே அடிமைங்க கல்யாணம் பண்ணிக்கலாமா?" அன்று என்னிடம் விடை இல்லை. பிறகு படித்தறிந்ததை இங்கே பகிர்கிறேன்.

ரோமில் திருமணத்தைப் பதிவு செய்யும் வழக்கம் இல்லை. சடங்கும் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் மூன்று நிபந்தனைகள் இருந்தன. பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். மணமக்களின் சம்மதமும், அவர்கள் தந்தையின் அதிகாரத்தில் இருந்தால் அவரது சம்மதமும் வேண்டும். இருவருக்கும் இடையே 'கொனூபியம்' என்னும் மணவுரிமை இருக்க வேண்டும்.

குழப்பம் மூன்றாவதில்தான். குடிமகன் அயலாரை மணக்க அவ்வுரிமை தனியே வழங்கப்பட்டிருக்க வேண்டும். அடிமைகளுக்கு அது அறவே இல்லை. அவர்கள் சேர்ந்து வாழலாம். உரிமையாளர் ஒருவரை விற்றுவிட்டால் சட்டம் தடுக்காது. தடைகள் காலத்துக்கேற்ப மாறின. பாட்ரீசியர், பிளபியர் இடையே மணம் கூடாது என்ற பன்னிரண்டு பலகைச் சட்டத்தின் தடையை கி.மு. 445இல் கனுலேயஸ் சட்டம் நீக்கியது. கி.பி. 49இல் பேரரசர் கிளாடியஸ் தம் அண்ணன் மகள் அக்ரிப்பினாவை மணக்க, செனட் விதியையே மாற்றியது.

மணம் செல்லாவிட்டால் பாதிப்பு பிள்ளைக்கே. முறையான மணத்தில் பிறந்த பிள்ளை தந்தையின் நிலையைப் பெற்று அவருக்கு வாரிசாகும். இல்லையேல் பொதுவாகத் தாயின் நிலையே பிள்ளைக்கும். சட்டத்தின் கண்ணில் தந்தை இல்லை. குடிமகனுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த குழந்தை அடிமையே.

படைவீரர் குடும்பங்கள் இதற்குத் தெளிவான சான்று. பேரரசின் முதல் இரு நூற்றாண்டுகளில் பணியிலிருக்கும் வீரர் மணம் செய்யத் தடை. ஆனாலும் பாசறைகளை ஒட்டிக் குடும்பங்கள் வாழ்ந்தன. கி.பி. 119இல் பேரரசர் ஹாட்ரியன், இறந்த வீரரின் பிள்ளைகள் உறவினர் என்ற முறையில் சொத்தைக் கோரலாம் என எகிப்தின் ஆளுநருக்கு எழுதினார். அப்போதும் அவர்களை முறையான வாரிசு என அவர் ஏற்கவில்லை. துணைப்படையில் 25 ஆண்டுகள் பணியாற்றியவர்க்குக் குடியுரிமையும் மணவுரிமையும் கிடைத்தன. அதை வெண்கலத் தகட்டில் பொறித்துக் கொடுத்தனர். கி.பி. 140 வரை பிள்ளைகளுக்கும் குடியுரிமை கிடைத்தது. அதன்பின் பணிக்காலத்தில் பிறந்தவர்களுக்கு நிறுத்தப்பட்டது.

இதை வகுப்பில் ஒரு செயல்பாடாகச் செய்தேன். குடிமகன், அயல்நாட்டுப் பெண், அடிமை, வீரர் என அட்டைகள் எழுதி, இருவர் இருவராக இணைத்து, "இவர்கள் பிள்ளையின் நிலை என்ன?" என்று கேட்டேன். சிறிது நேரத்தில் அதே மாணவி, "பெரியவங்களுக்குப் போட்ட விதிக்குப் பிள்ளை ஏன் டீச்சர் கஷ்டப்படணும்?" என்றாள். சட்டம் யாருக்காக எழுதப்படுகிறது என்ற பேச்சுக்கு வகுப்பு தானாகவே வந்து சேர்ந்தது.