அன்புடன் உண்மை பேசுதல்

அன்புடன் உண்மை பேசுதல் என்பது கிறித்தவ அறநெறியில் பேச்சைப் பற்றிய அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 4ஆம் அதிகாரம் 15ஆம் வசனம் இதற்கு மூலமாகக் கொள்ளப்படுகிறது. உண்மையையும் அன்பையும் அவ்வசனம் சேர்த்தே சொல்கிறது. வாழ்க்கையில் அவை எப்போதும் சேர்ந்து வருவதில்லை. உண்மையைச் சொன்னால் கேட்பவரின் மனம் உடையும் என்ற நிலையில் என்ன செய்வது? இக்கேள்வியோடு நெடுங்காலம் போராடியவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் (354–430).

பொய்யும் மௌனமும்

பொய்யைப் பற்றி அகுஸ்தீன் இரண்டு நூல்கள் எழுதினார். ஏறத்தாழ 395இல் எழுதிய முதல் நூலில் பொய்யை எட்டு வகையாகப் பிரித்து, எட்டையும் விலக்கினார். யாருக்கும் தீங்கு செய்யாமல் ஓர் உயிரைக் காக்கும் பொய்யும் அந்த எட்டில் அடங்கும். ஆனால் தெரிந்த உண்மையை எல்லாம் சொல்லியே தீர வேண்டும் என்று அவர் கூறவில்லை. சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. இதற்கு அவர் காட்டும் சான்று, தம் சொந்த ஊரான தகாஸ்தேயில் முன்பு ஆயராக இருந்த ஃபிர்முஸ். அடைக்கலம் தேடி வந்த ஒருவரை அவர் மறைத்து வைத்திருந்தார். பேரரசரின் ஆட்கள் வந்து கேட்டபோது, தாம் பொய்யும் சொல்வதில்லை, அந்த மனிதரைக் காட்டிக் கொடுப்பதும் இல்லை என்றார். சித்திரவதைக்குப் பின்னும் அதே விடைதான். பேரரசர் முன் நிறுத்தப்பட்டபோது அவருடைய உறுதி பாராட்டப்பட்டு, மறைந்திருந்தவருக்கு மன்னிப்பும் கிடைத்தது.

எல்லா நேரத்திலும் இப்படி ஒரு நடுவழி கிடைப்பதில்லை. 420இல் எழுதிய இரண்டாம் நூலில் அகுஸ்தீனே அந்தக் கடினமான இடத்துக்கு வருகிறார். உயிருக்குப் போராடும் ஒரு நோயாளி, இறந்துபோன தம் ஒரே மகன் நலமா என்று கேட்கிறார். இருக்கிறான், இறந்துவிட்டான், தெரியாது என்ற மூன்று விடைகளில் இரண்டு பொய். மூன்றாவது அவரைக் கொன்றுவிடக்கூடும். இங்கே தம் மனமும் கலங்குவதை அகுஸ்தீன் மறைக்கவில்லை. ஆனாலும் விதியைத் தளர்த்தவில்லை.

அவர் காலத்துத் துறவி யோவான் கசியானின் நூலில் இதற்கு மாறான கருத்து உள்ளது. கொடிய நோய்க்கு நச்சு மூலிகையைக் கொடுப்பதுபோல, வேறு வழியில்லாதபோது பொய்யையும் பயன்படுத்தலாம் என்கிறது அது. திருக்குறளின் வாய்மை அதிகாரத்தைப் படித்து வளர்ந்த தமிழருக்கு அகுஸ்தீனைவிடக் கசியானே நெருங்கியவராகத் தோன்றலாம்.

வழிதவறிய கடிதம்

அகுஸ்தீனின் கொள்கை அவர் வாழ்விலேயே சோதனைக்கு உள்ளானது. அந்தியோகியாவில் பேதுரு முதலில் பிற இனத்தாரோடு உண்டு, பின்னர் யூதக் கிறித்தவர்களுக்கு அஞ்சி ஒதுங்கினார் என்றும், பவுல் அவரை அனைவர் முன்னிலையிலும் கண்டித்தார் என்றும் கலாத்தியர் 2ஆம் அதிகாரம் கூறுகிறது. விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த அறிஞர் ஜெரோம், முந்தைய கிரேக்க உரையாசிரியர்களைப் பின்பற்றி, அது இருவரும் இரு தரப்பின் நன்மைக்காக நடத்திக் காட்டிய சச்சரவு என்று உரை எழுதியிருந்தார். மறைநூலில் ஒரு நல்ல பொய்க்கு இடம் கொடுத்தால் அதன் எந்த வரியையும் நம்ப முடியாமல் போகும் என்று அகுஸ்தீன் அஞ்சினார். பெத்லகேமில் இருந்த ஜெரோமுக்குக் கடிதம் எழுதினார்.

முதல் கடிதத்தைக் கொண்டு செல்ல வேண்டியவர் ஆயராக்கப்பட்டதால் பயணம் தடைபட்டது. விரைவில் அவர் இறந்தும் போனார். இரண்டாம் கடிதத்தை எடுத்துச் செல்ல இருந்தவர் கடற்பயணத்துக்கு அஞ்சி நின்றுவிட்டார். ஆனால் கடிதத்தின் நகல்கள் இத்தாலியில் கைமாறிப் படிக்கப்பட்டன. உரிய நபருக்கு அது வந்து சேர்ந்தபோது கையொப்பம்கூட இல்லை. புகழுக்காக ஓர் இளைய ஆயர் முதியவரைத் தாக்குகிறார் என்ற பேச்சும் கூடவே வந்தது. ஜெரோம் கொதித்தார். கொதித்ததில் வியப்பில்லை. தவறு செய்தவரிடம் முதலில் தனியே பேச வேண்டும் என்பது மத்தேயு 18ஆம் அதிகாரம் காட்டும் ஒழுங்கு. அகுஸ்தீன் அதை மீற எண்ணவில்லை என்றாலும், நடந்தது மீறல்தான். கருத்தைத் திரும்பப் பெறும்படி ஜெரோமைக் கேட்டிருந்த தொனியும் பணிவானதாக இல்லை.

அகுஸ்தீன் மனம் புண்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஏறத்தாழ 405இல் எழுதிய நீண்ட மறுமொழியில் பேதுருவின் தவறு உண்மையானதே என்று மீண்டும் வாதிட்டார். ஆனால் அதே கடிதத்தில், பவுலின் துணிச்சலைவிட, தம்மைவிடப் பின்னால் வந்தவரின் கண்டிப்பைப் பேதுரு பணிவோடு ஏற்றதே அரிதானது என்றும் எழுதினார். ஆயர் என்ற முறையில் தம் பதவி உயர்ந்தது என்றாலும், பல வகையில் தாம் ஜெரோமுக்குக் கீழ்ப்பட்டவரே என்றார். ஆள் அனுப்பி ஐயங்கள் கேட்கும் அளவுக்கு நட்பு பின்னர் தேறியது.

தாம் தோற்றதாக ஜெரோம் எங்கும் அறிவிக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ 415இல் பெலாகியருக்கு எதிராக எழுதிய உரையாடல் நூலில், பேதுருவே கண்டிக்கத்தக்க தவறு செய்தார் என்பதை ஒரு சான்றாக எடுத்தாண்டார். அகுஸ்தீன் அதைக் கவனித்தார். மூன்றாம் நபர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அதைக் குறிப்பிட்டதோடு விட்டுவிட்டார்.