போலோ ஜிடி-க்கு 1 லட்ச ரூபாய் காயில்ஓவர் தேவையா? சஸ்பென்ஷன் செலவுக்கு ஒரு சி.ஏ. கணக்கு



நம்ம சேனல் பார்க்கிற ஒருத்தர் கேட்ட கேள்வி இது. "செகண்ட்ஹேண்ட்ல போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கியிருக்கேன். 70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. வளைவுல வண்டி சாயுது, மேடு பள்ளத்துல ஆடுது. 1 லட்சத்துக்கு காயில்ஓவர் போடுங்க, இஎம்ஐ வசதியும் இருக்குன்னு சொல்றாங்க. போடலாமா சார்?"

சுருக்கமான பதில்: இப்போ வேண்டாம். இது ஏதோ "ஆசைப்படாதே, சேமி"ன்னு சொல்ற அறிவுரை இல்லை. எந்த ரூபாய் முதல்ல போகணும், எது அப்புறம் போகணும்ங்கிற வரிசைதான் இங்கே விஷயம்.

முதல்ல, ஆடுறது எது?

போலோ ஜிடி டிஎஸ்ஐ இந்தியாவுக்கு வந்தது 2013-ல். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பிஎஸ். 2022-ல் போலோ உற்பத்தியே இங்கே நின்னுபோச்சு. அதாவது, இன்னிக்கு மார்க்கெட்ல கிடைக்கிற எல்லா போலோவும் வயசான வண்டிதான். ரப்பர் புஷ் எல்லாம் கிலோமீட்டரால மட்டும் இல்ல, வயசாலயும் கெட்டுப்போகும்.

ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ரெண்டுக்கும் வேற வேற வேலை. வண்டியோட எடையைத் தாங்குறது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஆடிக்கிட்டே இருக்காம அடக்குறது ஷாக். ஸ்பீட் பிரேக்கர் தாண்டின பிறகும் வண்டி ரெண்டு மூணு தடவை குதிச்சா, பெரும்பாலும் ஷாக் போயிருக்குன்னு அர்த்தம். அதுக்கு ஸ்பிரிங்கை மாத்துறது, காய்ச்சலுக்குக் கண்ணாடி மாத்துற மாதிரி.

செலவு வரிசை

1. டயர். ரோட்டைத் தொடுறது அது மட்டும்தான். டயர் கெட்டிப்பட்டுப் போயிருந்தா, எந்த சஸ்பென்ஷனும் பிடிப்பைக் கொண்டு வராது.
2. தேய்ஞ்ச பாகங்கள். லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட், லிங்க் ராட், பம்ப் ஸ்டாப். ஷாக்கை எப்பவும் ஜோடியா மாத்தணும். முன்னாடின்னா ரெண்டும், பின்னாடின்னா ரெண்டும்.
3. வீல் அலைன்மென்ட். ஷாக், ஆர்ம் வேலை பார்த்த பிறகு கண்டிப்பா வேணும். போலோவுக்குப் பின்னாடி டார்ஷன் பீம் இருக்கு. அங்கே அலைன்மென்ட் மிஷின்ல திருப்பி சரிபண்ண பெரிசா எதுவும் இல்ல. அங்கே அளவு மாறியிருந்தா, பீம் அடிபட்டிருக்கான்னு பார்க்கணும்.
4. இதுக்கு அப்புறம்தான் நல்ல ஷாக், லேசா கெட்டியான ஸ்பிரிங், காயில்ஓவர் எல்லாம்.

முதல் மூணு முடிச்சவங்கள்ல பல பேர் நாலாவதுக்குப் போகவே மாட்டாங்க. ஏன்னா, அவங்க தேடின "ஸ்போர்ட்டி ஃபீல்" அந்தக் கார் புதுசா இருந்தப்போ இருந்த ஃபீல்தான்.

இறக்கினா நல்லா இருக்குமா?

இங்கதான் நிறைய பேர் பணத்தை விடுறாங்க. முன் சக்கரத்துக்கு மேலே அமுங்க 70 மி.மீ. இடம் இருக்குன்னு வைங்க. 40 மி.மீ. இறக்கிட்டா மிச்சம் 30. அதே பள்ளத்தை இப்போ பாதிக்கும் குறைவான இடத்துல சமாளிக்கணும். ஸ்பிரிங் அதுக்கேத்த கெட்டியா இல்லைன்னா, பம்ப் ஸ்டாப்ல போய் முட்டும். அந்த நொடியில சக்கரம் பிடியை விடும்.

இன்னொண்ணும் இருக்கு. முன்னாடி இருக்கிறது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ரொம்ப இறக்கினா லோயர் ஆர்ம் மேல்நோக்கி சாய்ஞ்சிடும். அப்போ வண்டியோட எடை மையம் இறங்குறதைவிட, அது சாயுற மையம் அதிகமா இறங்கும். விளைவு? சாயுறதைக் குறைக்கத்தான் பணம் போட்டீங்க, ஆனா சாய வைக்கிற நெம்புகோல் நீளமாயிடுச்சு. ஸ்பிரிங்கை வெட்டி இறக்குறது இதைவிட மோசம், அந்தப் பக்கமே போகாதீங்க.

டியூனிங்: காசு இல்லாத பகுதி

ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். அதே ரோடு, அதே டயர் பிரஷர். ஒரு நோட்டுல எழுதி வைங்க. டயர் பிரஷரை 2 பிஎஸ்ஐ மாத்தினாலே வித்தியாசம் தெரியும். அட்ஜஸ்ட் பண்ற ஷாக்னா, மிருதுவான பக்கத்துல ஆரம்பிச்சு ரெண்டு ரெண்டு கிளிக்கா ஏத்துங்க. ரீபவுண்ட் ரொம்ப ஏத்திட்டா, வரிசையா வர்ற மேடுகள்ல சக்கரம் திரும்பக் கீழே வர நேரம் கிடைக்காது. கெட்டியா இருக்கிறதெல்லாம் வேகமான செட்டிங் இல்ல.

பின்பக்கம் ஆன்டி-ரோல் பார் போட்டா, வளைவுல மூக்கு வெளியே போறது குறையும். அளவு மீறினா, மழையில ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் சுத்தும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏத்திட்டுப் போற வண்டியில அந்த விளையாட்டு வேண்டாம்.

இப்போ என் ஏரியா: பணம்

1 லட்சத்தை 14% பர்சனல் லோன்ல 24 மாசத்துக்கு எடுத்தா, இஎம்ஐ சுமார் ₹4,801. மொத்த வட்டி சுமார் ₹15,230. வண்டியை விக்கும்போது வாங்குறவர் இதுக்குத் தனியா விலை தருவார்னு நம்பாதீங்க. பழைய ஒரிஜினல் பாகங்களைப் பத்திரமா வெச்சிருந்தா, திரும்பப் பொருத்திட்டு இதைத் தனியா விக்கலாம். அவ்வளவுதான்.

சம்பளக்காரருக்கு சொந்தக் காருக்கான இந்தச் செலவுல வரிச்சலுகை எதுவும் கிடையாது. சொந்த உபயோகக் கார் மூலதனச் சொத்து ஆகாததால, நஷ்டத்துக்கு வித்தாலும் அந்த நஷ்டத்தைக் கணக்குல கழிக்க முடியாது. பிசினஸ் பேர்ல கார் இருந்தாலும், சாதாரண பயணிகள் காருக்கான ரிப்பேர், சர்வீஸுக்குப் பொதுவா ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது.

பெரிய ரிஸ்க்: இன்சூரன்ஸ்

1 லட்சம் போனா போகட்டும்னு விடலாம். 6 லட்ச ரூபாய் வண்டியோட கிளெய்ம் சிக்கினா?

- மாற்றம் பண்றதுக்கு முன்னாடியே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஈமெயில் அனுப்புங்க. பாலிசியில அதை எழுத்துல ஏத்தச் சொல்லுங்க. சொல்லாம செஞ்ச மாற்றம், கிளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ அவங்களுக்குக் காரணம் ஆயிடும்.
- ரேஸ், ஸ்பீட் டெஸ்ட் மாதிரியான உபயோகம் ஸ்டாண்டர்ட் பாலிசியில கிடையாது. இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவை கரி ஸ்பீட்வேக்கோ போறீங்கன்னா, அங்க நடக்கிற சேதம் உங்க பாக்கெட்தான்.
- ஜீரோ டெப் இல்லாத பாலிசியில, டயர், ரப்பர் பாகங்களுக்கு 50% தேய்மானம் கழிச்சுத்தான் தருவாங்க. வெறும் தேய்மானத்துக்கு கிளெய்மே கிடையாது.

சட்டப் பக்கம்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ஐ வெச்சு, உற்பத்தியாளர் கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதே வருஷத் திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ₹5,000 அபராதம், அல்லது 6 மாசம் வரை சிறை, அல்லது ரெண்டுமே. அதே ஸ்பெக்ல புது ஷாக் போடுறது ரிப்பேர். உயரத்தையே மாத்துறது வேற கதை. ஆர்டிஓ-கிட்ட கேட்காம இறங்காதீங்க.

என் முடிவு

அந்த நண்பருக்கு நான் சொன்னது: இந்த மாசம் டயரும் புஷ்ஷும் செக் பண்ணுங்க, ஒரிஜினல் ஸ்பெக் ஷாக் நாலும் மாத்துங்க, அலைன்மென்ட் பண்ணுங்க. ஆறு மாசம் ஓட்டுங்க. அந்த ₹4,801-ஐ இஎம்ஐ-ஆ கட்டாம ஆர்டி-ல போடுங்க. அப்பவும் காயில்ஓவர் வேணும்னு தோணினா, கால்வாசிப் பணமாவது கையில இருக்கும். தோணலைன்னா, முழுப் பணமும் உங்களுது.

உங்க கார்ல பில் எவ்வளவு வந்துச்சுன்னு எழுதுங்க. மோட்டார் இன்சூரன்ஸ் கிளெய்ம் பத்தி அடுத்த வீடியோவுல பார்க்கலாம்.