கட்டட நிர்மாண நிர்வாகக் கல்வி

கோபுரம் எழுப்பப் புகுவோன் அதன் செலவை முன்னரே ஆராய்தல் வேண்டும் என்னும் சுவிசேஷ உவமையை நம் கல்லூரி மண்டபத்தில் யாம் பன்முறை கேட்டிருக்கின்றோம். அவ்வுவமை உணர்த்தும் முன்னறிவையே ஒரு கலையாக வகுத்துக் கற்பிக்கும் துறை இக்காலத்துப் பல்கலைக்கழகங்களில் உண்டு. கட்டட நிர்மாண நிர்வாகம் என்பது அதன் பெயர். பட்டம் பெற்று வெளிச்செல்லும் மாணவ நண்பர்கட்குப் பயன்படுமென்று கருதி அதனைக் குறித்துச் சில கூறப் புகுந்தோம்.

கட்டடம் எவ்வாறு நிற்கும் என்பதை ஆராய்வது சிவில் இஞ்சினியர் கல்வி. அக்கட்டடத்தை எவ்வரிசையில், எத்தனை நாளில், எவ்வளவு பொருளில், எவர்க்கும் ஊறு நேராவண்ணம் முடிப்பது எங்ஙனம் என்பதை ஆராய்வது நிர்வாகக் கல்வி. ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கடைக்கால் முடியாமல் தூண் எழாது. தூண் எழாமல் தளம் போட இயலாது. தளம் இறுகும்வரை முட்டுகளை எடுத்தலாகாது. இவ்வேலைகள் நடக்கும்போதே தச்சன் கதவுகளைச் செய்யலாம். கதவு சில நாள் தாமதித்தாலும் குற்றமில்லை. தளம் ஒரு நாள் தாமதித்தாலோ வீடு முழுவதும் ஒரு நாள் தாமதிக்கும். இங்ஙனம் ஒன்றையொன்று பற்றி நிற்கும் வேலைகளின் தலையாய தொடரைக் கணக்கிட்டறியும் முறையை 1957-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் டூபாண்ட், ரெமிங்டன் ராண்ட் என்னும் இரு கம்பெனிகளைச் சார்ந்தோர் வகுத்தனர். இன்று பெருங்கட்டட வேலைகளிலெல்லாம் அம்முறை வழங்குகின்றது.

காலக்கணக்கோடு தரக்கணக்கும் இக்கல்வியின் பகுதியாம். காங்கிரீட்டுக் கலவையில் ஒரு பங்கை 15 சென்டிமீட்டர் கனசதுரங்களாக வார்த்து, 7-ஆம் நாளிலும் 28-ஆம் நாளிலும் நசுக்கிப் பார்த்து வலிமையை அளப்பர். அளவு குறையின் மேல்வேலையை நிறுத்துதல் வேண்டும். நிறுத்தினால் நாளும் பொருளும் நட்டமாம். நிறுத்தாவிடின் நேர்வது யாது?

இதற்கு விடை நமக்கு அண்மையிலேயே உளது. போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டப்பெற்று வந்த 11 அடுக்கு மாடம் ஒன்று 2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் மாலையில் இடிந்து விழுந்தது. அறுபத்தொருவர் உயிர் துறந்தனர். அவருட் பலர் ஆந்திரம், ஒடிசா முதலிய இடங்களிலிருந்து கூலி வேலைக்கு வந்த எளியோர். அருகே நின்ற அதன் இணைக்கட்டடத்தையும் 2016-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் வெடிவைத்துத் தகர்க்க நேர்ந்தது. கல்லும் கம்பியும் தாமே பொய்ப்பதில்லை. அவற்றை அளந்து ஆள வேண்டியவர் தவறும்போதே பொய்க்கின்றன. ஆகலின், வேலையை விரைவுபடுத்தும் திறனினும், வேண்டுமிடத்து 'நிறுத்துக' என்று சொல்லும் துணிவே இத்தொழிலுக்கு முதற் குணமாம் என்பது எம் கருத்து.

இக்கல்வியைப் பெறும் இடங்கள் தொலைவில் இல்லை. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டி இஞ்சினியரிங் கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. நிர்மாணப் பொறியியலும் நிர்வாகமும் அப்பல்கலைக்கழகத்து மேற்பட்டப் படிப்புகளுள் ஒன்று. 1959-இல் நிறுவப்பெற்ற சென்னை ஐ.ஐ.டி.யிலும் இத்துறைக்குத் தனிப் பிரிவு உண்டு. இத்துறைக்கென்றே நிக்மார் என்னும் நிறுவனம் 1983-இல் தோன்றியது.

இனி உத்தியோகங்களைக் காண்போம். வேலைகளை நாள்வாரியாக வகுக்கும் திட்ட இஞ்சினியர், செங்கல் முதல் வர்ணம் வரை அளந்து விலை கணிக்கும் அளவையாளர், ஒப்பந்தங்களை ஆராய்வோர், சாமான்களைக் கொள்முதல் செய்வோர், பாதுகாப்பு அதிகாரி, அனைவரையும் ஒருங்கிணைக்கும் தலைமை நிர்வாகி எனப் பல திறத்தார் வேண்டப்படுகின்றனர். கணக்கும் கொள்முதலும் வணிகம் பயின்றோர்க்கும், ஒப்பந்தம் சட்டம் பயின்றோர்க்கும் இடந்தருவன. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகி வந்திருக்கின்றன. மெட்ரோ இரயிலின் இரண்டாங் கட்டத்திற்கு வகுத்த 118.9 கிலோமீட்டரில் கலங்கரை விளக்கம் முதல் பூவிருந்தவல்லி வரையுள்ள தடமும் ஒன்று. எல் அண்டு டி கம்பெனியின் நிர்மாணப் பிரிவும் மணப்பாக்கத்திலேயே தலைமை நிலையம் கொண்டுள்ளது.

இத்தொழில் எளிதன்று. வெயிலும் புழுதியும் உண்டு; ஒரு வேலை முடிந்தவுடன் வேற்றூர்க்குப் பெயர்தலும் உண்டு. இருபத்தைந்து வயது இளைஞன், முப்பதாண்டு பழகிய மேஸ்திரிக்கு ஆணையிட நேரும். அவரிடம் முதலிற் கற்றுக்கொள்பவனே பின்னர் அவரை நடத்த வல்லனாவான். சாரத்தின்மீது நிற்கும் சித்தாளின் உயிரும் தன் கணக்கில் அடங்கியதென்று உணரும் மாணவர் இத்துறைக்கு வேண்டும். அத்தகையோர் நம் கல்லூரியினின்றும் பலர் செல்வாராக.