தலையில் ஓர் 'இல்லை', வாலில் ஓர் 'இல்லை'

வேளச்சேரிக் கடைவீதியில் உணவு விடுதிப் பலகையொன்றில் 'நான் வெஜ்' என்று தமிழில் எழுதியிருப்பதைக் காணும் நேயர்கள், விடுதிக்காரர் தம்மைச் சைவரென்று பறைசாற்றுவதாக எண்ணினாலும் வியப்பில்லை. உள்ளே சென்றால் கோழி வறுவல் காத்திருக்கும்! அந்த 'நான்' நம் தன்மை ஒருமை அன்று. ஆங்கிலச் சொல்லின் தலைமீது ஏறி நின்று, 'அல்ல' என்று மறுக்கும் முன்னொட்டு.

லத்தீன் வழிவந்த இந்த 'நான்' என்பதற்கு, 'அன்', 'டிஸ்' என்று உறவினர் உண்டு. யாவும் ஒன்றே என மாணாக்கர் கருதிவிடுகிறார்கள். அது சரியன்று. 'நான்' ஒதுங்கி நிற்குமேயன்றி வசை பாடாது. 'அன்' சில வேளைகளில் வசை பாடும். 'நான்-புரொபஷனல்' என்றால் அத்தொழிலைச் சேராதவர். 'அன்-புரொபஷனல்' என்றாலோ தொழில் தர்மத்தை மீறியவர். நற்சான்றுப் பத்திரத்தில் ஓரசை மாறினால் ஒருவருடைய ஜீவனத்துக்கே ஊறு நேரும்.

தேச சரித்திரத்திலும் இவ்வேறுபாடு துலங்குகிறது. 1920-இல் காந்தியடிகள் தொடங்கியது 'நான்-கோவாபரேஷன்': சர்க்கார் அளித்த பட்டங்களையும், அதன் கலாசாலைகளையும், நியாயஸ்தலங்களையும் விட்டு விலகுதல். 1930-இல் தொடங்கியதோ 'டிஸ்-ஒபீடியன்ஸ்': சட்டத்தை வெளிப்படையாக மீறுதல். அவ்வாண்டு ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து சென்று உப்பெடுத்தது இதன்பாற்பட்டதே. முன்னதை 'ஒத்துழையாமை' என்றும், பின்னதைச் 'சட்ட மறுப்பு' என்றும் வேறுபாடு கெடாமல் தமிழில் வழங்கினார்கள்.

'ஒத்துழையாமை' என்னும் சொல்லை உற்று நோக்குங்கள். ஆங்கிலத்தில் தலையில் நிற்கும் 'இல்லை', இங்கே வாலில் வினையோடு கலந்து நிற்கிறது. கொல்லாமை, கள்ளாமை, வெகுளாமை என்று வள்ளுவர் அதிகாரங்களுக்குப் பெயரிட்டதும் இவ்வண்ணமே. செய்யாதிருத்தலே அங்கு அறமாகிறது.

ஆயின், அதே அச்சில் வார்த்த 'தீண்டாமை' அறமன்று, பெரும்பாவம். இதற்குரிய ஆங்கிலச் சொல் 'அன்டச்சபிலிடி'. அதாவது, தீண்டத்தகாத தன்மை. அச்சொல் ஒதுக்கப்பட்டவர்மீதே குறையை ஏற்றுகிறது. தமிழ்ச்சொல்லோ தீண்ட மறுப்பவரின் செயலைச் சுட்டுகிறது. குற்றவாளி யார் என்பதைச் சொல்லின் அமைப்பே காட்டிவிடுகிறதன்றோ! 1950 ஜனவரி 26-இல் முழுமையாக அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது ஷரத்து, தீண்டாமையை ஒழித்து, எவ்வடிவிலும் அதனைக் கைக்கொள்ளலாகாதென விதித்தது.

ஆகவே, இல்லத்துப் பிள்ளைகள் இத்தகைய சொல்லொன்றைக் கற்கும்போது, 'இல்லை' என்ற பொருளோடு அவர்களை நிறுத்திவிடலாகாது. எது இல்லை, எவரிடத்தில் இல்லை என்றும் வினவப் பழக்குவோமாக.